ஒரு வாரத்தில் எழுந்த மதில்



மதுரைக்கு இன்று கோட்டை இல்லை. ஆனாலும் இந்த ஊர்க்காரர் ஒருவர் காலையில் கிளம்பி மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் கோட்டை இருந்த தடத்தை இரண்டு முறையாவது தாண்டிவிடுகிறார். நான்கு வெளி வீதிகளும் பழைய மதிலும் அகழியும் போன வழியில் பிறந்தவை. விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த அந்த மதிலுக்கு 72 கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1840-களில், பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட்டின் பெயரிலும் பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் இன்று வீதிகள் இருக்கின்றன. பிளாக்பர்னுக்காக நிறுத்திய விளக்குத்தூண் ஒரு கடைவீதிக்கே அடையாளமாகிவிட்டது. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கொத்தளம் மட்டும் மிச்சம். கோட்டையை இடித்த காலத்தின் பெயர்கள் நம் வாயில் தினமும் புழங்குகின்றன. மண் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, கல் ஏற்றிக் கட்டிய கைகளின் பெயர் எந்த வீதிக்கும் இல்லை.

இல்லாமல் போன கோட்டையை மீண்டும் கட்டலாமா, கட்டினால் எப்படிக் கட்ட வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். இதற்கு மதுரையைவிட நல்ல சாட்சி நம் தெற்கே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில், ஓட்டப்பிடாரத்துக்கு அருகே உள்ள பாஞ்சாலங்குறிச்சி, மதுரை நாயக்கர் ஆட்சியில் உருவான பாளையங்களில் ஒன்று. அங்கே ஒரு கோட்டை இருமுறை இடிக்கப்பட்டது. இருமுறை மீண்டும் எழுந்தது. முதல் முறை எழுந்தது 1801-இல், சண்டைக்காக. இரண்டாம் முறை எழுந்தது 1974-இல், நினைவுக்காக. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். என் வாதம் இதுதான்: இடிந்த கோட்டையை மீண்டும் கட்டுவது, அதைக் கட்டிய முறையை நாமே செய்து பார்த்து அறிந்துகொள்ளும் சோதனையாக அமையும்போதுதான் வரலாற்றுக்கு உதவுகிறது. பாஞ்சாலங்குறிச்சியில் அந்தச் சோதனை இன்னும் தொடங்கவில்லை. அதைத் தொடங்குவதற்கு வேண்டிய சான்றுகள் நம் கையில் இருக்கின்றன.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அன்றைய தாக்குதலில் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனியின் அதிகாரிகளும் வீரர்களும் மாண்டார்கள். அடுத்தடுத்த நாள்களில் அந்தப் பாளையத்தின் தலைவர் கட்டபொம்மன் கோட்டையைவிட்டு வெளியேறினார், பிறகு புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார், அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையைக் கம்பெனி தரைமட்டமாக்கியது. பாளையக்காரர்கள் தத்தம் கோட்டைகளை இடித்துவிட வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பானர்மேன் உத்தரவும் போட்டார். இவ்வளவோடு கதை முடிந்தது என்றுதான் கம்பெனி நினைத்தது. பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உடனிருந்தவர்களும் 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் மாலை தப்பினார்கள். மேஜர் மெக்காலே தன் படையோடு பாஞ்சாலங்குறிச்சியை எட்டியபோது பிப்ரவரி 9. இடையில் ஒரு வாரம்தான். தரைமட்டமாகக் கிடந்த இடத்தில் மதில் எழுந்து நின்றது. மதில்மேல் ஆயிரத்தைந்நூறு பேர் அளவுக்கு ஆள்கள் நின்றார்கள். அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, தன் போர் நினைவுகளை 1830-இல் லண்டனில் நூலாக வெளியிட்டபோது, அதைக் கண்ட திகைப்பை மறைக்கவில்லை. மெக்காலே பின்வாங்கினார். கூடுதல் படை வந்த பிறகு மார்ச் 31-இல் பீரங்கியால் மதிலைப் பிளந்து ஏறப் பார்த்தார்கள். அடி வாங்கித் திரும்பினார்கள். கர்னல் அக்னியூ தலைமையில் பெரிய பீரங்கிகளோடு வந்த படைதான் மே 24-இல் உள்ளே நுழைந்தது.

அந்த மதில் எப்படிப்பட்டது? ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட சற்றுக் கோணலான நாற்கரம். சுமார் 12 அடி உயரச் சுவர், சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி. முழுக்க முழுக்க மண். நன்றாக ஒட்டிப் பிடிக்கும் மண் என்று வெல்ஷ் தனியாகக் குறிப்பிடுகிறார். இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலும் இந்த விவரங்களை எடுத்து ஆண்டிருக்கிறார். இங்கே நாம் சற்று நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுற்றளவு 1,600 அடி, உயரம் 12 அடி. சுவரின் தடிமன் சராசரியாக ஒரு கஜம், அதாவது 3 அடி என்று வைத்துக்கொள்வோம். கொத்தளங்களைச் சேர்க்காமல் 57,600 கன அடி மண் வேண்டும். ஆயிரத்தைந்நூறு பேர் ஏழு நாள் உழைத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்தரை கன அடி. தடிமனை இரட்டிப்பாக்கினாலும் பதினொரு கன அடிதான். மம்பட்டி பிடித்துப் பழகிய ஆள் ஒருவருக்கு, வெட்டி, குழைத்து, ஓலைப்பெட்டியில் சுமந்து, மேலே ஏற்றிக் கொடுப்பது வரைக்கும் சேர்த்துப் பார்த்தாலும், இது உயிரைக் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையாகத் தெரியவில்லை. சுற்றுவட்டாரத்துப் பெண்களும் சிறுவர்களும் தண்ணீர் சுமந்திருந்தால் இன்னும் எளிது. ஆக, ஒரு வாரத்தில் மதில் எழுந்தது என்பதைப் புராணம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கணக்கு அதற்கு இடம் கொடுக்கிறது.

ஆனால் மண்ணுக்கு என்று ஒரு கணக்கு உண்டு, அது இன்னும் கடினமானது. மண்சுவர் வைத்துப் பழகியவர்கள் ஒரே மூச்சில் உயரத்துக்குப் போக மாட்டார்கள். குழைத்த மண்ணை முழங்கால் உயரமோ ஒரு முழமோ வைப்பார்கள், வெயிலில் காயவிடுவார்கள், கை வைத்துப் பார்த்து இறுகிய பிறகே அடுத்த அடுக்கை ஏற்றுவார்கள். ஈரத்தோடு ஏற்றினால் கீழ் அடுக்கு வயிறு தள்ளிச் சரிந்துவிடும். அப்படியானால் ஏழு நாளில் 12 அடி எப்படி நின்றது? தண்ணீரைக் குறைத்து இறுக்கமாகப் பிசைந்து அடித்தார்களா? அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் சரிவாக ஏற்றினார்களா? பனங்கட்டைகளையும் முள்ளையும் உள்ளே போட்டுக் கட்டுக்கோப்பு கொடுத்தார்களா? முதல் வாரத்தில் மார்பளவு எழுப்பி, மார்ச் 31 வரை கிடைத்த அவகாசத்தில் உயர்த்திக்கொண்டே போனார்களா? கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதை மட்டும் வைத்துச் சுவர் எழுப்ப முடியாது. எந்த மண்ணை எந்த அளவில் சேர்த்தார்கள்? காலத்தையும் கவனியுங்கள். பிப்ரவரி முதல் வாரம் என்றால் தை மாதக் கடைசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கண்மாய்களில் குழைப்பதற்குத் தண்ணீர் இருக்கும், வெயிலும் காற்றும் சுவரை உலர்த்தும். இரண்டு மாதம் முன்னால் என்றால் மழை கரைத்திருக்கும். இரண்டு மாதம் பின்னால் என்றால் தண்ணீருக்குத் திண்டாடியிருப்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு ஆவணக் காப்பகத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் விடை கிடைக்காது. பாஞ்சாலங்குறிச்சியில் அதே மண்ணை எடுத்து, அதே மாதத்தில், பத்து கஜ நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பிப் பார்த்தால் கிடைக்கும்.

இந்தச் சுவரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் எதிரி எழுதியதுதானே, அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோற்றுத் திரும்பிய படையின் அதிகாரி, தோல்விக்குச் சாக்காக எதிரியின் மதிலை உயர்த்திச் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் தோல்வியை மூடிமறைக்க நினைப்பவர் மதிலை வெறும் மண் என்று எழுத மாட்டார்; கல் என்றும் மலை என்றும் எழுதுவார். மண்சுவரிடம் தோற்றோம் என்று ஒப்புக்கொள்வது ஒரு ராணுவ அதிகாரிக்குப் பெருமை தரும் செய்தி அல்ல. அதனால்தான் அந்தப் பகுதியை நான் நம்புகிறேன். எண்ணிக்கைகளை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம், பொருளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துச் சான்றும் இல்லாமல் போகவில்லை. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மன் கதைப்பாடலை மதுரைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1800-1801 கிளர்ச்சியைத் தென்னிந்தியா முழுவதும் தழுவிய ஒரு போராக விரித்து 1971-இல் நூல் எழுதினார். தமிழகத் தொல்லியல் துறை 1968-69-இல் பாஞ்சாலங்குறிச்சியில் அகழாய்வு நடத்தி அரண்மனைக் கட்டடங்களின் அடித்தளங்களை வெளிக்கொண்டு வந்தது. எதிரியின் எழுத்து, மக்களின் பாட்டு, மண்ணுக்கு அடியில் கிடந்த சுவர் என்று மூன்று வகைச் சான்றும் ஓர் ஊருக்கு வாய்ப்பது அபூர்வம்.

மண் என்றவுடன் ஏழைமை என்றும், கல் என்றவுடன் வீரம் என்றும் எண்ணும் பழக்கம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தை இந்த வரலாறு உடைக்கிறது. பீரங்கிக் குண்டு கல்மதிலில் மோதினால் கல் சிதறும், மூட்டு விடும், ஒரு கல் போனால் மேலே உள்ள பத்துக் கல் இறங்கும். தடித்த மண்மதிலில் குண்டு புதைந்துபோகும். மண் அந்த வேகத்தை வாங்கி விழுங்கிக்கொள்ளும். இரவோடு இரவாக அந்தக் குழியை இரண்டு கூடை மண்ணால் அடைத்துவிடலாம். இதைப் பாஞ்சாலங்குறிச்சியில் மட்டும் கம்பெனி கற்கவில்லை. நான்கே ஆண்டுக்குப் பிறகு, 1805-இல், ராஜஸ்தானத்துப் பரத்பூரில் ஜெனரல் லேக் நான்கு முறை ஏறித் தாக்கியும் அந்த மண்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். கம்பெனி அதைப் பிடித்தது 1826-இல்தான். பாஞ்சாலங்குறிச்சியில் பிளவு வழியாக மேலே ஏறியவர்களை உள்ளிருந்தவர்கள் நீண்ட ஈட்டிகளால் எதிர்கொண்டார்கள். ஏறியவனுக்கு ஈட்டி முனை தெரிந்தது, பிடித்திருந்த கை தெரியவில்லை. இது ஏதோ அவசரத்துக்கு அப்பிய சுவர் அல்ல. பீரங்கியை அறிந்து, தன் கையில் உள்ள பொருளையும் அறிந்து கட்டியது. அந்த அறிவுதான் நாம் மீட்டெடுக்க வேண்டியது.

இப்போது 1974-க்கு வருகிறேன். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசு, பழைய கோட்டை இருந்த இடத்துக்கு அருகிலேயே நினைவுக் கோட்டையை எழுப்பியது. உள்ளே கட்டபொம்மனின் வாழ்க்கையைச் சொல்லும் சுவரோவியங்கள் இருக்கின்றன. வீரசக்கதேவி ஆலயம் இருக்கிறது. அகழாய்வில் வெளிப்பட்ட அடித்தளங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதியாகத் தனியே இருக்கின்றன. சற்றுத் தொலைவில் அங்கே மாண்ட ஆங்கிலேயர்களின் கல்லறைகள் உள்ளன. இந்த நினைவுக் கோட்டையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள், ஊர்ப் பெயரையே ஏடுகளிலிருந்து நீக்கினார்கள் என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். அழித்தவனின் நோக்கமே மக்கள் மறக்க வேண்டும் என்பதாக இருந்த இடத்தில், பார்த்தவுடன் கண்ணில் படும்படி உயரமாக ஒன்றைக் கட்டுவது தன்னளவில் ஒரு பதில். 1959-இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த திரைப்படம் கட்டபொம்மனை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்திருந்தது. அந்தப் பெரிய உருவத்தை மனத்தில் சுமந்து வருகிற மக்களுக்கு முன்னால் ஒரு வரப்பளவு மேட்டைக் காட்டி இதுதான் கோட்டை என்றால் அவர்கள் மனம் ஒப்பியிருக்காது. நினைவுச் சின்னம் என்ற அளவில் அது தன் கடமையைச் செய்கிறது. பள்ளிப் பேருந்துகள் அங்கே வந்து நிற்பதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் அந்தப் பேருந்திலிருந்து இறங்குகிற பிள்ளை என்ன கற்றுக்கொண்டு திரும்புகிறது என்று பாருங்கள். மண்ணால் அல்லாத, உறுதியான, உயர்ந்த, என்றும் நிற்கிற ஒரு சுவரைப் பார்க்கிறது. கட்டபொம்மன் இந்த மாதிரிச் சுவருக்குப் பின்னால் நின்றார் என்று எண்ணிக்கொள்கிறது. அப்படியானால் ஊமைத்துரை ஒரு வாரத்தில் கட்டினார் என்பதை அந்தப் பிள்ளையால் நம்ப முடியாது. நம்பினால் அது மந்திரமாகிவிடும். ஆயிரம் பேர் சேற்றில் இறங்கி மிதித்த வேலை அந்தச் சுவரில் தெரிவதில்லை. தலைவனின் வீரம் தெரிகிறது, ஊரின் உழைப்பு மறைந்துபோகிறது. பாளையக்காரரோடு வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை என்று வெவ்வேறு சமூகத்தவர் நின்ற களம் அது. அந்த மதிலும் அப்படிப் பல கைகள் சேர்ந்ததாகத்தான் இருந்திருக்க வேண்டும். பொருளை மாற்றிக் கட்டியதால் நாம் இழந்தது இதைத்தான்.

வணிகக் கம்பெனிகள் எழுப்பிய கோட்டைகளை மீண்டும் கட்டிப் பார்த்த அனுபவம் வட அமெரிக்காவில் நிறைய உண்டு. அதைக் கொஞ்சம் பார்ப்பது நமக்கு உதவும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600-இல் பட்டயம் கிடைத்ததுபோல, ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்கு 1670-இல் கிடைத்தது. இங்கே துணியும் மிளகும். அங்கே நீர்நாய் போன்ற பீவரின் தோல். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையும் தரங்கம்பாடியில் டேனியர்களின் டான்ஸ்பர்க் கோட்டையும் எந்தத் தேவையில் எழுந்தனவோ, அதே தேவையில் அங்கேயும் மரக் கோட்டைகள் எழுந்தன: சரக்கை வைக்கக் கிடங்கு, கிடங்கைக் காக்க மதில். கொலம்பியா ஆற்றங்கரையில் இருந்த வான்கூவர் கோட்டை 1825-இல் எழுந்து 1866-இல் எரிந்து போனது. 1947-இல் அகழாய்வு தொடங்கினார்கள். மண்ணுக்குள் மக்கிக் கிடந்த மரக்கம்பங்களின் அடிகளைப் பார்த்து வேலி எங்கே வளைந்தது என்று கண்டுபிடித்து, 1960-களில் அந்தத் தடத்திலேயே மரத்தால் மீண்டும் எழுப்பத் தொடங்கினார்கள். மரம் மக்கும், மாற்ற வேண்டும். அது தெரிந்தே மரத்தால் கட்டினார்கள். கனடாவின் வில்லியம் கோட்டையோ பழைய இடத்தில் ரயில் தடங்கள் வந்துவிட்டதால் ஆற்றின் மேற்புறத்தில் வேறோர் இடத்தில் கட்டப்பட்டது. வருகிறவர்களிடம் அதைச் சொல்லிவிடுகிறார்கள். வான்கூவர் அனுபவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. நெடுங்காலம் மதிலுக்குள் இருந்த அதிகாரிகளின் வீடும் கிடங்கும் மட்டுமே எழுந்தன. மதிலுக்கு வெளியே ஹவாய்த் தீவினரும் பழங்குடியினரும் பிரெஞ்சுக் கனடியரும் குடியிருந்த தொழிலாளர் சேரியை வெகுகாலம் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் சில வீடுகளை இப்போது எழுப்பியிருக்கிறார்கள். நாம் தொடங்கும்போதே மதிலுக்கு வெளியே இருந்தவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்தத் தாமதம் நமக்கு நேராது.

மரபுச் சின்னங்களின் பாதுகாப்புத் துறை சார்ந்த அறிஞர்கள் எழுப்பும் தடை ஒன்று உண்டு. 1964-இல் வெனிஸில் வகுத்த சாசனம், அகழாய்வு நடந்த இடங்களில் புதிதாக எழுப்புவதை அடிப்படையிலேயே ஏற்கவில்லை. சிதறிக் கிடக்கும் பழைய துண்டுகளை எடுத்துப் பொருத்துவதை மட்டும் அனுமதிக்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நின்றுவிட வேண்டும் என்பது அதன் கொள்கை. கொள்கை நல்லது. ஆனால் அது கல்லை மனத்தில் வைத்து எழுதியது. விழுந்த தூண் துண்டுகளைத் தேடி எடுத்துப் பொருத்தலாம். கரைந்த மண்சுவரின் துண்டுகளை எங்கே தேடுவது? மண்கட்டடம் வாழ்கிற முறையே வேறு. மாலி நாட்டின் ஜென்னே பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் ஊரே கூடிப் புதுமண் பூசுகிறது; பூசாமல் விட்டால் சில மழைக்காலத்தில் அது மண்ணாகிவிடும். அங்கே புதுப்பிப்பதுதான் பாதுகாப்பு. போரில் தரைமட்டமாகி மீண்டும் எழுந்த வார்சாவின் பழைய நகரத்தை யுனெஸ்கோ 1980-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அந்த நகர மக்கள் எதற்காக மீண்டும் கட்டினார்கள் என்பதையும் வரலாறாக எடுத்துக்கொண்டது. பாஞ்சாலங்குறிச்சியில் 1801-இல் எழுந்த மதிலே மீண்டும் கட்டிய மதில்தான். எனினும் இந்தத் தடையில் உள்ள எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். அடித்தளங்கள் வெளிப்பட்ட இடத்தில் ஒரு கூடை மண்கூடப் போடக் கூடாது. அதற்கு வெளியே, நினைவுக் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள காலி நிலத்தில், பத்து கஜச் சுவரும் ஒரு கொத்தளமும் போதும். சுற்றி வளைத்து முழுக் கோட்டையைக் கட்ட வேண்டியதில்லை. அதற்குச் சான்றும் போதாது.

மழையில் கரைந்துபோகுமே, அரசுப் பணம் வீண்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். கரையும். கரைய வேண்டும். எத்தனை மழைக்கு எவ்வளவு கரைகிறது, எந்தப் பக்கம் முதலில் அரிக்கிறது, எந்தக் கலவை நிற்கிறது என்பதைக் குறித்து வைப்பதுதான் அந்தச் சுவரின் வேலை. பிரான்சில் கெடலோன் என்ற இடத்தில் 1997 முதல் ஒரு கோட்டையை 13-ஆம் நூற்றாண்டுக் கருவிகளை மட்டும் வைத்துக் கட்டி வருகிறார்கள். சுண்ணாம்பு எப்படி நீற்றினார்கள், ஓடு எப்படிச் சுட்டார்கள் என்று ஏட்டில் கிடைக்காத பலவற்றை அங்கே கட்டிக் கட்டியே கற்றார்கள். நமக்கு அதைவிடப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. மண்சுவர் வைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம் கிராமங்களில் உயிரோடு இருக்கிறார்கள். கான்கிரீட் வீடு வந்த பிறகு அவர்களைக் கூப்பிட ஆள் இல்லை, வயதும் ஆகிவிட்டது. மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே இது நிற்கும், இது நிற்காது என்று சொல்லிவிடும் அந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை. இன்னும் இருபது ஆண்டு கழித்து இந்தச் சோதனையைத் தொடங்க நினைத்தால் கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது. நான் அவசரப்படுவதற்கு இதுதான் காரணம். ஆண்டுக்கு ஒரு முறை, தை மாதத்தில், அவர்களுக்கு உரிய கூலி கொடுத்து, கட்டடக்கலை மாணவர்களையும் அந்த ஊர்ப் பிள்ளைகளையும் உடன் நிறுத்தி, கரைந்ததைப் பூசி எழுப்பினால் ஒரு பெரிய மண்டபத்துக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்க ஆகிற செலவைவிட அதிகம் ஆகப்போவதில்லை.

கடைசியாக, உங்களில் சிலர் மனத்தில் இருக்கக்கூடிய கேள்வி: அப்படியானால் மதுரைக் கோட்டையையும் எழுப்பலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. மதுரைக்கு வேறு அனுபவம் இருக்கிறது. 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலில் பெரும்பகுதி போன பின், மிஞ்சியதைச் சென்னை ஆளுநர் நேப்பியர் 1866-க்கும் 1872-க்கும் இடையில் பழுது பார்க்க வைத்தார். நிற்கிற கட்டடத்தை நிற்க வைத்த வேலை அது. செங்கல்லும் சுதையும் கண்ணெதிரே இருந்ததால் எதைப் பின்பற்றுவது என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் மதில் போன இடத்தில் இன்று வீடுகளும் கடைகளும் பேருந்துத் தடமும் இருக்கின்றன. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த மனைகளைக் கொடுக்கும் ஏற்பாட்டில்தான் பழைய ஊர் வெளியே விரிந்தது. அந்த வீதிகளே இப்போது மதுரையின் வரலாறு. வெளி வீதிகளின் தரையில் மதில் போன தடத்தைக் கல்லால் பதித்துக் காட்டினால் போதும்; மிஞ்சிய கொத்தளத்தின் மேல் ஆலும் அரசும் வேர் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எழுப்புவதால் புதிதாக அறிய ஒன்றும் இல்லாத இடத்தில் எழுப்பக் கூடாது. பாஞ்சாலங்குறிச்சியில் அறிய நிறைய இருக்கிறது, அதனால்தான் அங்கே எழுப்பச் சொல்கிறேன்.

அப்படி ஒரு சுவர் எழுந்தால் அதன் முன்னால் ஒரு பலகை வைக்க வேண்டும். அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்தச் சுவர் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இத்தனை பேர், இத்தனை நாளில் எழுப்பியது; 1801-இன் சுவர் இது அல்ல. நீளம், உயரம், பொருள் ஆகியவை இன்ன சான்றுகளிலிருந்து எடுத்தவை. தடிமனும் மண்கலவையும் சோதித்துக் கண்டவை, அடுத்த ஆண்டு மாறக்கூடும். மூன்றாவது, அந்த ஆண்டு மண் வெட்டியவர், குழைத்தவர், சுமந்தவர், அடுக்கு வைத்தவர் ஒவ்வொருவரின் பெயரும் ஊரும். ஒவ்வொரு தை மாதமும் பழைய பலகையைக் கழற்றி உள்ளே மண்டபத்தில் மாட்டிவிட்டு, சுவரின் முன்னால் புதிய பலகையை நட வேண்டும்.